ப்ளூ-ரே தோற்றுவிட்டது என்று சொன்னேன்

அன்றைக்கே அவருக்குத் தெரிந்திருந்ததா? இரண்டு வருடமாக இந்த ஒரு கேள்விக்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

நான் பொய் சொன்னேன். என் மகளின் பெயர் அந்தப் பொய்யால் வந்தது. கணவரிடம்கூடச் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

அவர் என்றது என் கணவரின் அண்ணனை. நான் மாமா என்று கூப்பிடுவேன், அவர் மனைவியை அக்கா என்று. விருத்தாசலம் கடைவீதியில் டி.வி., டிவிடி பிளேயர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். என் கணவர் ஒரு பீங்கான் பட்டறையில் மேற்பார்வையாளர். 2007இல் அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரு பைத்தியம் பிடித்தது. டிவிடியைவிடப் படம் துல்லியமாகத் தெரியும் புது வகைத் தட்டுகள் இரண்டு வந்திருந்தன. ஒன்று ப்ளூ-ரே, இன்னொன்று எச்.டி. டிவிடி. ஒன்றின் பிளேயரில் மற்றது ஓடாது. எது நிலைக்கும், எது ஒழியும் என்று வெளிநாட்டுக் கம்பெனிகள் அடித்துக்கொண்டன. இவர்களும் அடித்துக்கொண்டார்கள்.

இரண்டில் ஒன்றையாவது இவர்கள் கண்ணால் பார்த்திருப்பார்களா? இல்லை. எங்கள் வீட்டில் இருந்தது பழைய இருபத்தோரு அங்குல டி.வி. கரண்ட் இருந்தால் அதில் படம் தெரியும்.

“டிவிடி செய்யிற மிஷின்லயே எச்.டி.யும் செஞ்சிரலாம்ண்ணே. புது அச்சு வேணாம். புது அச்சு போட்டுட்டு எங்க மொதலாளி பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்” என்பார் இவர்.

“நீ அச்ச வச்சிக்கிட்டு அகல்விளக்கு ஊத்து. ப்ளூ-ரேல எடம் அதிகம்டா. எடம் இருக்கிறதுதான் நிக்கும்” என்பார் மாமா.

ஞாயிற்றுக்கிழமை தோறும் இதே பாட்டு. ஏழு மாத வயிற்றோடு நான் இருவருக்கும் சோறு போட்டுக்கொண்டிருந்தேன்.

மாமாவுக்கும் அக்காவுக்கும் ஒரு பெண் குழந்தை இருந்தது. அபிநயா. நான்கு வயதில், மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டது. நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன் நடந்தது. எனக்குப் பெண் பிறந்தால் அந்தப் பெயரை வைக்க வேண்டும் என்று மாமாவுக்கு ஆசை. நேராகக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. நேராக மறுக்க இவருக்கும் வாய் வரவில்லை. தீபாவளிக்கு மறுநாள் மாமா சிரித்துக்கொண்டே சொன்னார்.

“பொண்ணு பொறந்து, பேர் வைக்கிற அன்னிக்கு ப்ளூ-ரே முன்னால நின்னா நான் சொல்ற பேரு. ஒன்னுது நின்னா ஒன் இஷ்டம். என்னடா?”

“சரிண்ணே.”

சரியாம்! யாரைக் கேட்டுச் சரி? சுமப்பவள் நான். ரசம் ஊற்றிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறேன். பார்த்தே இராத ஒரு தட்டின் மேல் என் குழந்தையைப் பந்தயம் வைத்துவிட்டு இரண்டு ஆண்கள் அப்பளம் நொறுக்குகிறார்கள். அந்தக் கோபம் இன்றும் எனக்கு அடங்கவில்லை.

நடுவராக மட்டும் என்னைப் போட்டார்கள். நான் வேலை பார்த்த பள்ளி அலுவலகத்தில் இன்டர்நெட் உண்டு. “கலா நெட்டுல பாத்துச் சொல்லட்டும். படிச்ச புள்ள, பொய் சொல்லாது” என்றார் மாமா.

அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். ‘மாமா, எனக்கு அந்தப் பெயர் பயம். அதைக் கூப்பிடும்போதெல்லாம் நான்கு வயது எப்போது தாண்டும் என்று எண்ணிக்கொண்டிருப்பேன்’ என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எதிரில் அக்கா உட்கார்ந்திருந்தார். அந்தக் குழந்தையின் கவுன்களை இன்னமும் துவைத்து மடித்து வைக்கும் அக்கா. அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

ஜனவரி முதல் வாரத்தில் செய்தி வந்தது. அதுவரை இரண்டு தட்டிலும் படம் வெளியிட்ட பெரிய கம்பெனி ஒன்று, இனி ப்ளூ-ரே மட்டும்தான் என்று அறிவித்துவிட்டது. எச்.டி. இனி எழாது என்று எழுதியிருந்தார்கள். இரண்டு முறை படித்தேன். குழந்தை உதைத்தது. கம்ப்யூட்டரை அணைத்தேன்.

அன்று மாலை மாமாவும் அக்காவும் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார்கள். மறுநாள் நான் பிரசவத்துக்குத் திட்டக்குடியில் என் அம்மா வீட்டுக்குப் போக வேண்டும். “பெரிய கம்பெனி எச்.டி. பக்கம் போயிட்டுது மாமா. ப்ளூ-ரே அவ்வளவுதானாம்” என்றேன். குரல்கூட நடுங்கவில்லை. எனக்கே ஆச்சரியம்.

மாமா வாயிலிருந்ததை மென்று முடித்தார். “சரிம்மா. தம்பி இஷ்டப்படியே வைக்கட்டும்” என்றார். அக்கா எழுந்து கை கழுவப் போனார். குழாய் ரொம்ப நேரம் ஓடியது.

போகிக்கு முந்தின நாள் மகள் பிறந்தாள். முப்பதாம் நாள் திட்டக்குடியில் பெயர் வைத்தோம். இவரும் நானும் பேசி வைத்த பெயர், இனியா. குழந்தையின் காதில் மூன்று முறை சொன்னவர் அக்காதான். மூன்று முறையும் சரியாகவே சொன்னார்.

பத்து நாள்கூட ஆகவில்லை. எச்.டி. டிவிடியையே நிறுத்திவிட்டார்கள் என்று பேப்பரில் வந்துவிட்டது. “நல்ல வேளை, அதுக்குள்ள பேர் வச்சிட்டோம்” என்று இவர் சிரித்தார். அதிர்ஷ்டம் என்று இன்றுவரை நம்புகிறார். மாமா ஒன்றும் கேட்கவில்லை. சென்னைக்குப் போய்ச் சாமான் வாங்கி வருகிறவர் அவர். அங்கே ஒருவர்கூடவா ஜனவரியிலேயே சொல்லியிருக்க மாட்டார்கள்? தெரிந்தே விட்டுக்கொடுத்தாரா? அப்படியென்றால் என் பயமும் அவருக்குத் தெரியுமா?

போன மாதம் ஒரு நாள், அக்காவிடம் விட்டிருந்த இனியாவை அழைத்துவர அவர்கள் வீட்டுக்குப் போனேன். உள்ளே அக்கா தலை சீவிக்கொண்டிருந்தார்.

“அபி, ஆடாத கண்ணு.”

“ஆங்” என்றாள் என் மகள். பழகிப்போன குரல்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்தது? பாதிப் பின்னலோடு குழந்தையை இழுத்துத் தூக்கினேன். “அவ பேரு இனியா, அக்கா. செத்த புள்ள பேரச் சொல்லி எம்புள்ளையக் கூப்பிடாதீங்க.”

அக்கா கையில் ரிப்பன் இருந்தது. “தப்புதாம்மா. ஆளில்லாதப்ப மட்டுந்தான் கூப்புடுவேன். இனிமே கூப்புடல” என்றார்.

தப்பாம். பொய் சொன்னவள் நான். தலை குனிந்தவர் அவர். அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. உடம்பு சரியில்லையாம் என்கிறார் இவர். நான் தலையாட்டுகிறேன்.

அந்தப் பெயர் வேண்டாம் என்று அவ்வளவும் செய்தேனே, பயமாவது போனதா? இனியாவுக்கு இரண்டு வயது ஆகப்போகிறது. சிறு சூடு என்றாலும் நெற்றியில் கை வைத்தபடி உட்கார்ந்திருக்கிறேன். நான்குக்கு இன்னும் எத்தனை மாதம் என்று எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இதை எழுதும்போது அவள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். “பெரிம்மா வூட்டுக்கு” என்கிறாள். கூட்டிக்கொண்டு போகத்தான் வேண்டும். போய், அக்காவிடம் உண்மையைச் சொல்லட்டுமா? சொன்னால், எந்தப் பெயரால் கூப்பிடச் சொல்வேன்? பிள்ளை பெற்றவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், யாராவது சொல்லுங்கள்.