வாஷர்காரரின் ஒரே மட்டமான வேலை

என் கணவர் பிளம்பர். குழாய் சொட்டினாலும் சரி, தொட்டி வழிந்தாலும் சரி, காதை வைத்துக் கேட்டுவிட்டு முதலில் அவர் சொல்வது, "வாஷர் போயிருக்கும்" என்பதுதான். பத்துக்கு எட்டு முறை அது சரியாகவும் இருக்கும். அதனால் வாஷர்காரர் என்ற பெயரே நிலைத்துவிட்டது. கோபம் வந்தால் நானும் அப்படித்தான் கூப்பிடுவேன்.

ஊரான் வீட்டுக் கழிப்பறைகளையெல்லாம் வாயடைக்க வைத்துவிட்டு வருகிற இந்த மனிதரின் சொந்த வீட்டில், பிளஷ் டேங்க் இரண்டு வருஷமாகக் கத்திக்கொண்டிருந்தது. பொத்தானை அமுக்கினால் தொட்டி நிறைய நாலு நிமிஷம். அந்த நாலு நிமிஷமும் வீடு முழுக்க ஒரே இரைச்சல். நிறைந்த பிறகும் சொட்டு நிற்காது. சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். "நாளைக்குப் பாக்கறேன்" என்பார். அவருடைய நாளை வரவே வராது.

முழங்கால் ஆபரேஷன் முடிந்து என் அப்பா எங்களோடு தங்க வந்தார். துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவர். யார் கையையும் பிடிக்கமாட்டார். வாக்கரைத் தள்ளிக்கொண்டு தனியாகக் கழிப்பறைக்குப் போவார், உள்ளே தாழ்ப்பாள் வேறு போட்டுக்கொள்வார். போடாதீர்கள் என்று டாக்டர் சொன்னதைக் காதிலேயே வாங்கவில்லை.

அவர் வந்த பத்தாம் நாள் நான் பொறுமை இழந்தேன்.

"உடம்பு சரியில்லாத மனுஷன் பகல்ல கொஞ்சம் கண்ணசர வேண்டாமா? இன்னிக்கு அதச் சரி பண்ணலன்னா உங்களுக்குச் சோறு கிடையாது."

உடனே வேலை நடந்தது. தண்ணீரை அடைத்து, மூடியைத் தூக்கி, மிதவையோடு வால்வைக் கழற்றினார். பள்ளம் விழுந்த ஒரு கறுப்பு ரப்பர் வட்டை என் கண்ணுக்கு நேரே நீட்டினார்.

"பாத்தியா? வாஷர்!"

புது வாஷர் போட்டார். வால்வுக்குக் கீழே ஒரு சாண் பிளாஸ்டிக் குழாயையும் மாட்டினார். "தண்ணி மேலேருந்து விழறதாலதான் சத்தம். இது தண்ணிய அடியில கொண்டு விட்டுரும்" என்றார். பொத்தானை அமுக்கினார். தொட்டி மூச்சுக்காட்டாமல் நிறைந்தது. கல்யாணத்தன்றுகூட அவர் முகத்தில் அத்தனை பெருமை இல்லை.

மறுநாள் காலையில் அப்பா உள்ளே போனார். நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். முழுக் கூடைக் காயும் நறுக்கியாகிவிட்டது, அப்பாவைக் காணோம். ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன்.

"அப்பா, ஆச்சா?"

"ஆகும்."

கொஞ்சம் பொறுத்து மறுபடி தட்டினேன்.

"உயிரோடதான் இருக்கேன், போ!"

அன்றிலிருந்து அவர் போகும்போதெல்லாம் தட்டினேன். தட்டாமல் இருக்க முடியவில்லை. வெளியே வரும்போது அவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

நாலாம் நாள் மத்தியானம் என் கணவர் சமையலறைக்கு வந்து குரலைத் தாழ்த்தினார். "மாமா கட்டில் பக்கத்துல இருக்கற ஜக்கு காலைல வச்சபடியே இருக்கு. நேத்தும் அப்படித்தான் இருந்துச்சு."

"தண்ணி நிறையக் குடிக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரே!"

"குடிச்சா உள்ள போகணும். போனா நீ வந்து கதவத் தட்டுவ."

எனக்குச் சுருக்கென்றது. "தட்டாம? விழுந்து கிடந்தா எனக்கு எப்படிங்க தெரியும்? முன்னாடின்னா அந்தச் சனியன் கத்தும். கத்துனா, சரி, எழுந்துட்டாருன்னு..."

பொத்தானை அமுக்கித் தண்ணீர் இறங்குவது சமையலறைவரை கேட்காது, அந்த இரைச்சல் கேட்கும். அது தொடங்கினால் அப்பா எழுந்துவிட்டார், அது அடங்குவதற்குள் கை கழுவி, வாக்கரைத் திருப்பி, தாழ்ப்பாளைத் திறந்துவிடுவார். பத்து நாளும் என் காது அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. நானோ அதைத் திட்டித் தீர்த்தேன். அழுகை வந்துவிட்டது.

ஆறுதல் சொல்வதெல்லாம் என் கணவருக்கு வராது. நேராகக் கழிப்பறைக்குப் போனார். இரண்டே நிமிஷத்தில் அந்தச் சாண் குழாயோடு வெளியே வந்தார்.

"வாஷர் இருக்கட்டும், சொட்டாது. கத்த மட்டும் கத்தும்."

சாயங்காலம் அப்பா உள்ளே போனார். நான் அடுப்படியை விட்டு நகரவில்லை. இரைச்சல் கிளம்பியது. அடங்குவதற்கு முன்பே தாழ்ப்பாள் திறந்தது.

"என்ன மாப்பிள்ளை, உங்க வேலை நாலு நாள்கூடத் தாங்கலையே!"

செய்த வேலைக்கு இரண்டாம் தடவை கூப்பிட்டார்கள் என்ற பேச்சே இல்லாத மனிதர், தலையைச் சொறிந்தார்.

"வாஷர் மட்டம் மாமா. ஏமாந்துட்டேன்."

"நல்லதாப் பாத்துப் போட வேண்டாமா?"

"நாளைக்குப் பாக்கறேன் மாமா."

அவருடைய நாளையை எனக்குத் தெரியாதா? அப்பா முணுமுணுத்துக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்தார். ஜக்கிலிருந்து ஒரு டம்ளர் ஊற்றி முழுசாகக் குடித்தார். பிறகு இன்னொன்று ஊற்றினார்.