பிள்ளைகள் அறையில் வத்தல் மூடை

ஐந்தாவதுவரைதான் படித்தேன். என் கோணல் எழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோவில்பட்டியில் கட்டிய புது வீட்டில், மகனும் மகளும் படுக்கும் அறையில் கட்டில்களும் ஒரு சுவர் அலமாரியும் தவிர ஒன்றும் வைக்கவில்லை. போன வாரம் உள்ளே நுழைந்ததும் மிளகாய் வத்தல் நெடி மூக்கில் ஏறியது. கட்டிலடியில் மூடை.

பழைய வீட்டிலும் அப்பா நாங்கள் படுக்கும் அறையில்தான் வத்தலை அடுக்குவார். மூடைகளுக்கு நடுவே அக்கா இருமிக்கொண்டே கிடப்பாள். "வெளிய போட்டா வத்தல் நமுத்துப்போவும். நீங்களா நமுத்துப்போவிய?" என்பார்.

இப்போதும் அப்பா, "சும்மா கெடந்த எடந்தானல?" என்றார்.

அவரை எதிர்த்து ஒருநாளும் பேசாதவன் நான். "பிள்ளைய படுக்கிற எடம்ப்பா, சும்மா எடமில்ல!" என்று கத்திவிட்டேன். மூடையை இழுத்து அவர் கட்டிலடியிலேயே தள்ளினேன். அடுக்கடுக்காகத் தும்மினார்.

"அக்காவுக்கும் இப்படித்தாம்ப்பா இருந்துச்சு" என்றேன்.

பங்குனி, இரண்டாம் வெள்ளி.