அண்ணன் பெயரில் நடித்தவர்

இங்கிலாந்தில் டிவி பார்த்து வளர்ந்தவர்களுக்கு சிரில் கார்ட்வெல்லின் முகம் தெரியும், பெயர் தெரியாது. பாதிரியார், போலீஸ்காரர், பணக்கார வீட்டு வேலைக்காரர், படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே கொலையாகிறவர் என்று ஆயுள் முழுக்க வந்து வந்து போனார். பப்பில் உட்கார்ந்தால் யாராவது உற்றுப் பார்ப்பார்கள்.

"ஒங்கள எங்கயோ பாத்திருக்கேனே. எங்க மச்சான் கல்யாணத்துக்கு வந்திருந்தீங்களா?"

"ஆமா. கேக்கு பிரமாதம்" என்று சொல்லிவிட்டு பீரைக் குடிப்பார். விளக்கம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

படம் முடிந்ததும் ஓடும் எழுத்துகளில் வந்த பெயரும் அவருடையதல்ல. நடிகர் சங்கத்தில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கக் கூடாது என்பது விதி. ஃப்ளீட்வுட் என்ற மீன்பிடி ஊரிலிருந்து லண்டனுக்கு வந்து, வேலை கிடைத்த சந்தோஷத்தில் உறுப்பினராகச் சேரப் போய் நின்றார். மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"சிரில் கார்ட்வெல் ஏற்கெனவே ஒருத்தர் இருக்காரு. பொம்மைய மடியில வெச்சுப் பேச வைக்கிறவரு. வேற பேரு சொல்லுங்க."

"எங்க அப்பா அம்மா வெச்ச பேருங்க இது."

"அவருக்கும் அவங்கப்பா அம்மாதான் வெச்சாங்க. சீக்கிரம் சொல்லுங்க, பின்னால ஆளுங்க நிக்கிறாங்க."

சட்டென்று வாயில் வந்தது பெர்ட் என்ற பெயர். செத்துப்போன அண்ணன் பெயர். உலகத்தில் வேறு பெயரா இல்லை?

பெர்ட் போன மீன்பிடிக் கப்பல் ஐஸ்லாந்துப் பக்கம் புயலில் மூழ்கியது. ஒரு உடல்கூடக் கிடைக்கவில்லை. அவன் கப்பலேறிய அன்று காலையில் அம்மா வின்னி ஒரு காரியம் செய்திருந்தாள். அவனுடைய பழைய கம்பளிச் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள். ஃப்ளீட்வுட்டில் ஆண்பிள்ளை கடலுக்குப் போகிற நாளில் எந்தப் பெண்ணும் துணி துவைக்க மாட்டாள். துவைத்தால் கடல் ஆளை அடித்துக்கொண்டு போய்விடும். கப்பல் நாளைக்குத்தான் என்று நினைத்துவிட்டாள், பாவம். கொடியில் தொங்கிய சட்டையைத் தெருவே பார்த்தது. யாரும் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. பெர்ட் செத்துவிட்டான் என்றால் கொன்றது தான்தான் என்று வின்னி எடுத்துக்கொண்டாள். அதனால் அவன் சாகவில்லை என்று முடிவு கட்டினாள். ஒரு பொட்டுக் கண்ணீர் விடவில்லை. சர்ச்சில் அவனுக்காக ஜெபம் சொல்லவும் விடவில்லை.

சிரில் முதன்முதலாக டிவியில் வந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அம்மாவுக்குப் போன் போட்டார். நாலு வார்த்தை பாராட்டுவாள் என்று ஆசை.

"பெர்ட்ட பாத்தேன்டா! ரொம்ப எளச்சுட்டான். ஒழுங்கா சாப்பிடச் சொல்லு."

"அது நான்மா."

"என்னடா ஒளர்ற? பேரே போட்டானே!"

அவள் குரலில் அத்தனை சந்தோஷம். அதைக் கேட்டு வருஷக்கணக்கில் ஆகியிருந்தது. அப்போதே அடித்துச் சொல்லியிருக்க வேண்டும். மனிதருக்கு மனசு வரவில்லை. "சரிம்மா, சொல்றேன்" என்றார். அந்த ஒரு வார்த்தை அவர் வாழ்க்கையையே தின்றுவிட்டது.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் பெர்ட் பேச்சுதான். பெர்ட்டுக்கு அந்தத் தொப்பி பொருந்தவில்லை, பெர்ட்டைப் போய் அந்தப் பாவி கத்தியால் குத்திவிட்டானே, அடுத்த வாரம் பிழைத்து வந்துவிட்டானே என்று ஓயாமல் பேசுவாள். நீ எப்படி இருக்கிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஒரே ஒரு தடவை அம்மா தன்னை நடிகனாகப் பார்த்தால் போதும் என்று அவர் ஏங்கினார். படப்பிடிப்பில் "பெர்ட்!" என்று கூப்பிட்டால் திரும்புவார், திரும்பிவிட்டு, தனக்குப் பின்னால் வேறு யாரும் நிற்கிறார்களா என்றும் பார்ப்பார். சவரம் செய்யும்போது கண்ணாடியில், வயசாகவே வாய்ப்பில்லாத அண்ணனுக்கு நரை விழுந்துகொண்டிருந்தது. பயமாக இருந்தது.

ஒரு குளிர்காலம், வேலையே இல்லை. ஏஜென்ட் மோரிஸ் கூப்பிட்டான்.

"போலீஸ் கதை. கடல்ல செத்துக் கரை ஒதுங்குன மீனவன். வசனம் கெடையாது."

"வேற ஆளப் பாரு மோரிஸ்."

"யோவ், படுத்துக் கெடக்கறதுக்குக் காசு குடுக்கறான், ஒனக்குக் கசக்குதா?"

ஒத்துக்கொண்டார். கம்பளிச் சட்டையை நனைத்துப் போட்டுவிட்டார்கள். கூழாங்கல் கரையில் கிடத்தினார்கள். தாயாக நடித்தவள் வந்து முகத்துத் துணியை விலக்கி, "எம் புள்ளதான்" என்றாள்.

"கட்! பொணம் அழுவுதுய்யா!" என்று டைரக்டர் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தார்கள்.

ஒளிபரப்புக்கு முன்னாலேயே அம்மாவிடம், "இந்த வாரம் பாக்காதம்மா, நல்லாவே இல்ல" என்று சொல்லிவைத்தார். பார்க்காதே என்றால் எந்தத் தாய் பார்க்காமல் இருப்பாள்?

ஞாயிற்றுக்கிழமை போன் போட்டார். அவள் குரல் அமைதியாக இருந்தது.

"பாத்தேன்டா. துணிய எடுத்ததும் தெரிஞ்சுடுச்சு. கெடச்சுட்டான். கடல் திருப்பிக் குடுத்துடுச்சு. பாதிரியார்கிட்ட சொல்லிட்டேன், அவன் பேருல கல்லறக் கல்லு வெக்கணும்."

பிறகு அழுதாள். அத்தனை வருஷமாக அடைத்து வைத்திருந்த அழுகை. சிரிலும் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதார். துக்கம்தான், ஆனால் உள்ளே ஓர் ஓரத்தில் வெட்கங்கெட்ட ஒரு நிம்மதியும் இருந்தது. இனிமேல் அவளுக்கு ஒரே பிள்ளை, தான் மட்டும்தான்.

வின்னி மூக்கைச் சிந்தினாள்.

"போகட்டும். ஒன்னப் பத்தி நான் கேக்கறதே இல்ல, பாரு. எப்பப் பாத்தாலும் அவன் பேச்சுதான். நீ நல்லா இருக்கியா சிரிலு?"

"இருக்கேம்மா."

"லண்டன்ல இத்தன வருஷமா நீ என்னதான்டா வேல பாக்குற?"

அத்தனை பாதிரியார்களும் போலீஸ்காரர்களும், செத்தவர்களும் பிழைத்தவர்களும், ஒருவர் விடாமல் பெர்ட்டோடு போய்விட்டார்கள் என்று சிரிலுக்கு அப்போதுதான் உறைத்தது. அவளை இன்னொரு தடவை அழவைக்க அவரால் முடியவில்லை.

"சும்மாதாம்மா இருக்கேன்."

"இந்த வயசுலயா? மொதல்ல ஊருக்கு வா. மீன் மார்க்கெட்ல ஆள் எடுக்கறாங்களாம், நான் சொல்லி வெக்கிறேன்" என்றாள் வின்னி.