எள்ளுத்தாத்தாவின் சொந்த ஊர்

ஒரு ரயில், இரண்டு பஸ் மாறி இந்தச் சுவிஸ் மலையூரின் ஊராட்சி அலுவலகத்துக்கு வந்திருக்கிறோம். நூற்றைம்பது வருடங்களுக்கு முன் விஸ்கான்சினில் பண்ணை வைத்திருந்த எள்ளுத்தாத்தா பிறந்த வீட்டைப் பார்த்தே தீருவேன் என்று நிற்கிறார் என் கணவர் டேவிட். கையில் பழைய பத்திரத்தின் நகல். அதில் இந்த ஊர்ப் பெயர்.

“கால் விட்டுப்போச்சு” என்று நான் முணுமுணுத்ததைக் கேட்டு, கவுண்டரில் அந்த நகலைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் நிமிர்கிறார். யாழ்ப்பாணத் தமிழர்.

“அக்கா, இது அந்தத் தாத்தா பிறந்த இடமில்லை. ஹைமாட்ஓர்ட். தகப்பன் வழியில வாற சொந்த ஊர். எங்க பிறந்தாலும் காகிதத்தில இந்தப் பேர்தான் வரும். அவர் பிறந்தது எங்கயோ, எங்களுக்குத் தெரியாது.”

“போன வாரம் இவர் போன்ல கேட்டாரே, அப்பவே சொல்லக்கூடாதா?”

“இது அவற்ற ஊரோ எண்டு கேட்டவர். ஓம் எண்டு சொன்னன்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. டேவிட் விடுவதாக இல்லை. இதைச் சொந்த ஊராகக் கொண்டவர் ஒருவராவது இங்கே உண்டா என்று கேட்கிறார். அந்தப் பெண் தன் அடையாள அட்டையை எடுத்து நீட்டுகிறார். அதிலும் இதே ஊர்.

“குடியுரிமை இஞ்சதான் எடுத்தனான். எடுத்த ஊரே சொந்த ஊராயிடும்.”

டேவிட் முகமெல்லாம் சிரிப்பாக அவர் பக்கத்தில் போய் நிற்கிறார். ஊர்க்காரர்கள் இருவரையும் படம் பிடிக்கிறேன், இங்கே இருக்கும் ஒரே வெளியூர்க்காரி.