ஞாயிற்றுக்கிழமை மட்டும் தூங்கிய கம்ப்யூட்டர்

இனயம் என்கிற கடற்கரை ஊருக்கு நாங்கள் குடிவந்த நான்காவது மாதம், ஹாலில் டிவியோடு இணைத்து வைத்திருந்த கம்ப்யூட்டர் தானாக விழித்துக்கொள்ள ஆரம்பித்தது. ஸ்லீப்பில் போட்டால் ஒழுங்காகத் தூங்கும். அரை மணி நேரமோ இரண்டு மணி நேரமோ கழித்து, யாரும் தொடாமலே விசிறி சுழலும், டிவி ஒளிரும், பாதியில் நிறுத்திய படம் அதே இடத்தில் வந்து நிற்கும்.

எனக்குச் சொந்த ஊர் மலையடிவாரத்தில், திருவட்டாறு பக்கம். மனைவிக்குக் கடற்கரைப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்ததால் இங்கே வந்தோம். வீட்டு வரைபடங்கள் வரைந்து கொடுப்பது என் தொழில். மேசையும் கரண்டும் இருந்தால் எந்த ஊரிலும் செய்யலாம். தொழிலுக்குப் புதிய கம்ப்யூட்டர் வாங்கியபோது பழையதைத் தூக்கிப் போட மனமில்லாமல் ஹாலுக்குக் கொண்டுவந்தேன். பெட்டியை அலமாரிக்குள் மறைத்து, ரிமோட்டின் சிக்னலை வாங்கும் சின்னக் கண்ணை மட்டும் நீளமான யூஎஸ்பி கேபிளில் இழுத்து, ஜன்னலோரமாகக் கொண்டுபோய் டிவிக்குக் கீழே ஒட்டினேன். சோபாவில் சாய்ந்தபடி ரிமோட்டை அழுத்தினால் அது எழும்ப வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

முதலில் மௌஸைச் சந்தேகப்பட்டேன். ஐஸ் ஏற்றிய லாரி தெருவில் போனால் எங்கள் வீட்டுப் பாத்திரமெல்லாம் அதிரும். மௌஸும் அதிராதா என்ன? கழற்றி வைத்தேன். அடுத்து, அப்டேட்டுக்காக நேரம் வைத்து எழுப்பும் வசதியை அணைத்தேன். நெட்வொர்க் வழியாக எழுப்பும் கதவையும் மூடினேன். மறுநாள் காலை எட்டேகாலுக்கு, நான் தோசை தின்றுகொண்டிருக்கும்போது, என் கண்முன்னாலேயே எழும்பியது.

கடைசியாக உன்னை எழுப்பியது யார் என்று கம்ப்யூட்டரிடமே கேட்க ஒரு கட்டளை உண்டு. கறுப்புத் திரையில் தட்டிக் கேட்டேன். யூஎஸ்பி என்றது. கேள்வி கேட்க மாட்டிய கீபோர்டைத் தவிர, யூஎஸ்பியில் இருந்தது ரிமோட்டின் கண் ஒன்றுதான். ரிமோட்டின் பேட்டரிகளைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அப்போதும் எழும்பியது.

"அந்தச் சவத்தத் தூக்கி வெளிய போடுங்க" என்றாள் மனைவி.

நான் ஒரு நோட்டில் நேரம் குறிக்க ஆரம்பித்தேன். காலை எட்டேகால். பத்து ஐம்பது. பன்னிரண்டரை. மறுநாள் எட்டு, பதினொன்று, ஒன்றேகால். மூன்று வாரம் குறித்தும் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மனைவிதான் நோட்டை வாங்கி, பரீட்சைத்தாள் திருத்துகிற மாதிரி விரலை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"ஞாயித்துக்கெழம ஒருதடவகூட எழும்பல்ல, பாத்தியளா? உங்க பெட்டி வேதத்துல சேந்துட்டு."

கம்ப்யூட்டர் கிறிஸ்தவமாகிவிட்டது என்று அவள் சொன்னது வேடிக்கைக்கு. ஆனால் ஞாயிறன்று இந்தக் கரையில் வேறு என்னவெல்லாம் ஓய்ந்திருக்கிறது என்று நான் யோசித்திருக்கலாம். தேவாலயத்தில் பூசை நடக்கும் நாளில் ஒரு மீன்பிடி வள்ளமும் கடலுக்குப் போகாது. மலையடிவாரத்துக்காரனுக்கு அது தோன்றவில்லை.

அடுத்த வியாழக்கிழமை, மனைவி காய்ச்சலுக்காக லீவு போட்டுப் படுத்திருந்தாள். நான் ஜன்னலைத் திறந்து வைத்துக் கேபிளைச் சோதித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்காவின் குரல் கேட்டது.

"கேக்குதா? கேக்குதா? ஓவர்."

அந்த நொடியில் டிவி ஒளிர்ந்தது.

நான் கம்ப்யூட்டரைத் திரும்பத் தூங்கவைத்துவிட்டுக் காத்திருந்தேன். மறுபடி அக்காவின் குரல், மறுபடி வெளிச்சம். ஜன்னலுக்கு வெளியே, அவர்கள் சுவரோடு சேர்ந்து நின்ற இரும்புக் கம்பத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். பழைய டிவி ஆன்டெனா என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். என் கேபிளிலிருந்து ஒரு முழம் இருக்கும்.

அக்கா என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அவருடைய கணவர் நாட்டுவள்ளத்தில் விடியலுக்கு முன் கடலுக்குப் போய் மதியம் தாண்டிக் கரையேறுவார். அவரோடு பேசத்தான் அந்தக் கம்பமும் வீட்டுக்குள் ஒரு வயர்லெஸ் செட்டும். நான் அவர்கள் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த மைக்கை மேசையில் வைத்துவிட்டார்.

"எங்க செட்டால உங்க டிவி கெட்டுப் போச்சா சாரே?"

"கெடலக்கா. முழிச்சிடுது. இன்னொரு தடவ அமுக்குங்க, பாப்போம்."

மனைவி போர்வையைப் போர்த்திக்கொண்டு டிவி முன்னால் நின்றாள். அக்கா மைக்கின் பொத்தானை அழுத்தினார். சுவருக்கு அப்பாலிருந்து மனைவி, "எழும்பிட்டு!" என்று கத்தினாள். மூன்று முறை செய்தோம். மூன்று முறையும் எழும்பியது. மூன்றாவது முறை அக்கா சிரித்தே விட்டார்.

அப்போது அந்தச் சின்ன வயர்லெஸ் செட் கரகரத்தது, கடலிலிருந்து அவர் கணவர்.

"ஏட்டி, எதுக்கு சும்மா சும்மா அமுக்குத? வீட்டுல வல்லதும் உண்டுமா?"

"ஒண்ணும் இல்ல. சோறு தின்னியளா?"

"தின்னாச்சு. மீனு கொறவு. நீ தின்னியா?"

பின்னணியில் எஞ்சினின் சத்தமும் தண்ணீர் பலகையில் அடிக்கும் சத்தமும் கேட்டன. அக்காவின் வாசலிலிருந்து பார்த்தால் கடல் தெரியும். ஒரு வள்ளம்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரே ஒரு கோடு, அதற்குமேல் வெளிச்சம். அந்த வெறுமைக்குள்ளிருந்து ஒருவர், நீ சாப்பிட்டாயா என்று கேட்கிறார்.  அங்கே போகும் வழியில்தான் அக்காவின் குரல் ஒவ்வொரு நாளும் எங்கள் ஹாலைத் தொட்டுவிட்டுப் போயிருக்கிறது.

வைத்தியம் சுலபம். கேபிளை எதிர்ச்சுவருக்கு மாற்ற வேண்டும். ரேடியோ அலையைத் தடுக்க அதில் மாட்ட, ஃபெரைட் என்கிற கறுப்பு உருளை ஒன்று வேண்டும். மார்த்தாண்டத்துக் கடையில் சொல்லி வைத்திருந்தேன்.

அது வருவதற்குள் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் காற்று திடீரென்று மாறியது. தென்னைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. நான் வரைபடத்தில் இருந்தேன், ஹாலில் கம்ப்யூட்டர் எழும்பியது. தூங்கவைத்தேன். உடனே எழும்பியது. மறுபடி தூங்கவைத்துவிட்டு மேசைக்குப் போய் உட்காருவதற்குள் மறுபடி. ஐந்தாவது தடவை ரிமோட்டை நோக்கிக் கை போனபோதுதான், சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்பது உறைத்தது. எழுந்து ஓடினேன்.

அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். வள்ளத்துக்கு இட்டிருந்த புனிதரின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் இரைச்சல் மட்டுமே திரும்பி வந்தது. என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி பொத்தானை அழுத்தினார். நானும் வாசல்படியில் உட்கார்ந்துகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் அறிமுகமில்லாத ஒரு குரல் வந்தது.

"யக்கா, நான் மேக்க நிக்கேன். எனக்குக் கேக்குது. தெக்க ஒரு வள்ளம் உண்டு, அவனுக்குச் சொல்லி விடுதேன்."

பிறகு அவர் யாரிடமோ பேசுவது கேட்டது, மறுமுனை கேட்கவில்லை. அந்த மறுமுனை இன்னொருவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். கரையிலிருந்து ஒரு கேள்வி, வள்ளத்திலிருந்து வள்ளத்துக்குக் கைமாறி, காற்றடிக்கும் தண்ணீருக்குமேல் போய்க்கொண்டிருந்தது.  எவ்வளவு நேரம் என்று தெரியாது. குறிக்க என்னிடம் நோட்டும் இல்லை.

"யக்கா, ஆளு உண்டு. அவனுக்க கண்ணுமுன்ன உங்க வள்ளம் நிக்கு. செட்டுல சார்ஜ் இல்ல. கரைக்கு வாறாங்க."

அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "எத்தன பேரு இருக்கு?"

கேள்வி மறுபடி போனது. பதில் மறுபடி வந்தது.

"நாலுபேரும் உண்டு."

அதற்குப் பிறகுதான் மைக்கைக் கீழே வைத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயில் சாயும் நேரத்தில் வள்ளம் வந்தது.

அந்த வாரக் கடைசியில் ஃபெரைட் கிடைத்தது. கேபிளை எதிர்ச்சுவருக்கு மாற்றி அதையும் மாட்டினேன். இப்போது கம்ப்யூட்டர் ரிமோட்டுக்கு மட்டும்தான் எழும்புகிறது.

ஞாயிறன்று பூசை முடிந்து அக்காவின் கணவர் எங்கள் வீட்டுக்கு வந்தார், இரும்புபோல் காய்ந்த மனிதர். அலமாரியைத் திறந்து பெட்டியை நெடுநேரம் பார்த்தார்.

"இதா சாரே, அவ சத்தத்துக்கு எழும்புன சாதனம்?"

"இதுதான்."

"அவ சத்தத்துக்கு எழும்பாத ஆளு ஆரு!"

எல்லோரும் சிரித்தோம். சாயா குடிக்கும்போது, அன்றைக்குக் குரலைக் கைமாற்றியவர்கள் யார் என்று கேட்டேன். முதலில் பேசியவர் பக்கத்து ஊர்க்காரர். மற்றவர்கள் யாரென்று அக்காவின் கணவருக்கும் தெரியவில்லை.

"தெரியாம எப்படி?"

"அது அப்படித்தான் சாரே. மீனத் தேடி எவ்வளவு தூரம் போனாலும், ஒருத்தனுக்க சத்தம் இன்னொருத்தனுக்கு எட்டுத அளவுல ஒரு வள்ளமாவது இருக்கான்னு பாத்துக்கிடுவோம். ஆளு ஆருன்னு பாக்கமாட்டோம்."

அவர் போன பிறகு மொட்டைமாடியில் ஏறி நின்று பார்த்தேன். வள்ளங்கள் எல்லாம் மணலில் இழுத்து ஏற்றப்பட்டுக் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை, அந்தக் கடலில் பேச யாரும் இல்லை.