கதவோரத்து இருட்டு

பக்கத்துப் பட்டறையில் லாரி பாடிக்குப் பெயிண்ட் அடிக்கும்போதெல்லாம் டர்பன்டைன் வாசம் என் அறைக்குள் வந்துவிடுகிறது. மருமகள் ஜன்னலைச் சாத்துகிறாள். நான் திறந்து வைக்கிறேன்.

இதே வாசம் எங்கள் வீட்டுக்குள் வீசியபோது எனக்கு எட்டு வயது. அண்ணன் கல்யாணத்துக்குள் கூடத்தில் மாட்ட வேண்டுமென்று, அப்பாவையும் அம்மாவையும் எண்ணெய் வர்ணத்தில் எழுதக் கரூரிலிருந்து ஒரு சித்திரக்காரர் வந்திருந்தார். வெளிச்சமான வாசலை விட்டுவிட்டு, ஒரே ஒரு கண்ணாடி ஓட்டு வழியாக வெயில் விழும் உள்ளறையில்தான் அவர்களை உட்கார வைத்தார். படம் முடிந்த அன்று அப்பா தன் மீசையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்தான் சொன்னேன். "அப்பா, பின்னால அத்தையும் இருக்காங்க பாருங்க."

புருஷன் போனபின் எங்களோடு இருந்த அப்பாவின் அக்கா அவர். தினமும் கதவோரம் நின்று பார்த்தவரை, வெள்ளைச் சேலையோடு அப்படியே இருட்டுக்குள் எழுதியிருந்தார் சித்திரக்காரர்.

அப்பா முகம் மாறியது. "கல்யாண ஊட்டுல மாட்டற படமுங்க. அக்கா வேண்டாமுங்க, அழிச்சுப் போடுங்க."

சித்திரக்காரர் தயங்கினார். "வெயில் சாஞ்சிருச்சு. கண்ணு தெரியலீங்க."

அத்தை உள்ளே போய் விளக்கை ஏற்றிக்கொண்டு வந்தார். "இது போதுங்களா சாமி?" என்று கேட்டு, கறுப்பு வர்ணத்தில் தன் முகம் மறையும்வரை பிடித்துக்கொண்டு நின்றார்.

அத்தைக்கு வேறு படமே கிடையாது. இந்தப் படம் இப்போது என் அறையில் இருக்கிறது. பார்ப்பவர்கள் இதில் இரண்டு பேர் என்கிறார்கள். நான் வாயைத் திறப்பதில்லை. அன்றைக்கும் நான் அப்படியே இருந்திருக்க வேண்டும்.