வலப்பக்கத்துச் சீட்டு

என் கணவருக்கு இடது காது கேட்காது. சாலவாக்கத்து ரைஸ் மில்லில் இருபது வருடம் அந்தக் காதை மோட்டார் பக்கம் வைத்துக்கொண்டே வேலை பார்த்தவர். அதனால் எங்கே போனாலும் நான் அவருக்கு வலப்பக்கம்தான் உட்காருவேன். டவுன் பஸ்ஸில் இடது வரிசை சன்னலோரம் அவரைத் தள்ளிவிட்டு, அடுத்து நான். கல்யாணப் பந்தியிலும் அப்படியே. இதைப் பற்றி நாங்கள் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. மனுஷன் கவனித்ததாகவே காட்டிக்கொண்டதில்லை.

போன வருடம் மஸ்கட்டில் இருக்கும் மகளின் பிரசவத்துக்காக முதல்முறை விமானம் ஏறினோம். மகள் போனில் சீட்டுப் படத்தைக் காட்ட, தனியாகப் பணம் கட்டி, சன்னலோரம் அவருக்கு, வலப்பக்கம் எனக்கு என்று பிடித்துவைத்தேன். ஏர்போர்ட்டுக்குப் போனால் நல்ல கூத்து. விமானத்தை மாற்றிவிட்டார்களாம். அவருக்கு ஐந்தாவது வரிசையில் வலது சன்னலோரம், எனக்குப் பத்தொன்பதில் நடு சீட்டு. சண்டை போட்டேன், பிறகு கெஞ்சினேன். இடம் மாறிக்கொள்ள ஒருவரும் வரவில்லை.

வானத்தில் எழுந்து எழுந்து எட்டிப் பார்த்தேன். சாப்பாட்டு வண்டியைத் தள்ளி வந்த பணிப்பெண் ஐந்தாவது வரிசையில் அவருடைய இடப்பக்கம் குனிந்து ஏதோ கேட்டாள், உடனே நகர்ந்துவிட்டாள். எனக்குப் புரிந்துவிட்டது. சொன்னது காதில் விழாவிட்டால் இவர் சிரித்துக்கொண்டே வேண்டாமென்று தலையாட்டிவிடுவார்.

இறங்கியதும், "நாஷ்டா துன்னீங்களா?" என்றேன்.

"பசிக்கல மே."

பெட்டி வரும்வரை நின்ற இடத்திலேயே என் பையிலிருந்த பன்னை நாலே வாயில் தின்றுவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஊர் திரும்பியதும் விடுவேனா? உத்திரமேரூரில் எங்கள் உரக்கடையில் உட்கார்ந்துகொண்டு விமானக் கம்பெனிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன்.

"மேடம், நீங்க கேட்டது ஒரு சன்னல் சீட், ஒரு நடு சீட். மாத்துன விமானத்துலயும் அதேதான் குடுத்திருக்கோம். ரீஃபண்ட் வராது" என்றாள் அந்தப் பெண்.

"பதினாலு வரிசை தள்ளிப் போட்டுட்டு அதேன்றியே, இன்னா நியாயம்மா இது?"

நான் போட்ட சத்தத்தில் யூரியா வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். போன் பக்கமே வராத என் கணவர் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு வந்து, போனை வாங்கி வலது காதில் வைத்துக்கொண்டார்.

"அம்மா, சன்னலுக்கு நாங்க துட்டு கட்டல. எனக்கு இடது காது கேக்காது. எங்க போனாலும் இவ எனக்கு வலது பக்கமா வந்து குந்திக்குவா. பஸ்ல, பந்தில, எல்லாத்துலயும். அதுக்குத்தான் கட்டுனோம். அது கெடைக்கலம்மா."

அந்தப் பெண் எங்கள் டிக்கெட் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பிறகு மேலதிகாரிக்கு எழுதுவதாகச் சொன்னாள். அடுத்த வாரமே இரண்டு சீட்டுப் பணமும் வந்துவிட்டது.

அன்றைக்கு அவர் போனைத் திருப்பிக் கொடுத்தபோது, "இத்தினி வருசமா உங்களுக்குத் தெரியுமா அது?" என்று கேட்டேன்.

"காதுதான மே கேக்காது" என்றார். "கண்ணு நல்லாத்தான் கீது."

சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கப் போய்விட்டார்.